இரவிகுளத்துப் புல்வெளி வெட்டப்பட்ட காடா?

நீங்கள் கேட்டிருப்பவை பார்வைக்கு இரண்டு கேள்விகள். மூணாறுக்குப் போய் ராஜமலையில் வரையாடு பார்த்துத் திரும்பியிருக்கிறீர்கள். வனத்துறைப் பேருந்தில் உடன் வந்த ஒருவர், இதெல்லாம் முன்பு அடர்ந்த காடு, தேயிலைக்காக வெள்ளைக்காரர்கள் வெட்டிப் போட்டதால்தான் இப்படி மொட்டையாகக் கிடக்கிறது, மரம் நட்டால் மறுபடியும் காடாகிவிடும் என்றாராம். இன்னொருவர், அந்த வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லையென்றால் இந்த ஆடே இன்று இருந்திருக்காது என்றாராம். இருவரில் யார் சொன்னது சரி என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் உள்ளது ஒரே கேள்வி என்றே எனக்குப் படுகிறது: அங்கே நீங்கள் பார்த்து வியந்த காட்சி மலையின் இயல்பா, மனிதர் கைவைத்ததால் வந்த கோலமா? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன் நான். ஆனைமலை, பழனிமலை, மூணாறுப் பகுதிகளுக்கு மாணவர்களைப் பலமுறை களப்பயணம் அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆகவே புல்லையும் மரத்தையும் பற்றி ஓரளவு உறுதியோடு பேசுவேன். விலங்குகளையும் வரலாற்றையும் பற்றி நான் சொல்பவை படித்தும் கேட்டும் அறிந்தவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவிகுளம் தேசியப் பூங்கா கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் ஏறி இறங்கும் ராஜமலை அதன் ஓர் ஓரம் மட்டுமே. உள்ளே இருப்பது சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் அலையலையாக விரியும் பீடபூமி. அதன் தெற்கு விளிம்பில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். தொட்டபெட்டாதான் உயரம் என்று பள்ளியில் படித்த நினைவு பலருக்கு உண்டு; அது 2,637 மீட்டர், தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் முதலிடம். பூங்காவை டர்னர் பள்ளத்தாக்கு குறுக்காக அறுத்துக்கொண்டு போகிறது. மேற்கே வழியும் ஓடைகள் பெரியாற்றில் சேர்கின்றன. கிழக்கே வழிபவை பாம்பாறு வழியாக அமராவதிக்கு வந்து காவிரியில் கலக்கின்றன. உடுமலைப்பேட்டை, தாராபுரம் பக்கத்து வயல்களுக்குப் பாயும் நீரில் இந்தப் புல்வெளியின் பங்கும் இருக்கிறது. வடக்கே தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த புல்மலையோடு இது ஒட்டியே கிடக்கிறது. எல்லைக்கல் மனிதருக்குத்தான், வரையாடும் யானையும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இனி புல்வெளிக்கு வருகிறேன். உங்களுடன் வந்தவர் சொன்னதைப் பழித்துப் பயனில்லை. ஒரு காலத்தில் வனவியல் அறிஞர்களே அப்படித்தான் எண்ணினார்கள். ராஜமலைச் சாலையில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்திருப்பீர்கள். சரிவு முழுவதும் புல்; அதன் மடிப்புகளில், ஓடை தொடங்கும் இடங்களில், கரும்பச்சையாகச் சுருண்டு கிடக்கும் சிறு சிறு காடுகள். அவற்றைச் சோலை என்கிறோம். தமிழில் நாம் பொதுவாக வழங்கும் இந்தச் சொல்லே இன்று உலகெங்கும் அறிவியல் நூல்களில் இவ்வகைக் காட்டுக்குப் பெயராகிவிட்டது. சோலைக்கும் புல்லுக்கும் நடுவே இடைப்பட்ட நிலை ஏதும் கிடையாது. கத்தரித்து வைத்ததுபோல் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்கிற எவருக்கும், யாரோ வெட்டியிருக்கிறார்கள், அல்லது எரித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். 1938இல் இதைப் பற்றி இரண்டு எதிரெதிர் கருத்துகள் வெளிவந்தன. ரங்கநாதன் என்ற வன அதிகாரி, உறைபனியால்தான் மரக்கன்றுகள் வெளியில் பிழைப்பதில்லை, ஆகவே புல்வெளி இயற்கையானது என்றார். அதே ஆண்டில் போர் என்ற தாவரவியலாளர், தீயும் மேய்ச்சலுமே காட்டை ஒடுக்கிப் புல்லைப் பரப்பின என்றார். இருவரும் எழுதியது நீலகிரியைப் பற்றி; ஆனால் அங்கும் இங்கும் உயரமும் ஒன்று, தாவரக் குடும்பங்களும் ஏறக்குறைய ஒன்று.

இந்த வழக்கில் திருப்பம் வந்தது 1993இல். நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிப் படிந்த கரிமண்ணை சுகுமார், ரமேஷ் முதலிய ஆய்வாளர்கள் தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். அதன் சூட்சுமம் எளிது. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை மரங்களின் முறையிலிருந்து வேறுபட்டது. ஆகவே புல் மக்கிய மண்ணில் கார்பன்-13 என்ற கனமான கரியணு சற்றுக் கூடுதலாகவும், மர இலை மக்கிய மண்ணில் சற்றுக் குறைவாகவும் தங்கிவிடுகிறது. மண்ணின் வயதைக் கணித்து, ஒவ்வோர் அடுக்கிலும் இந்த விகிதத்தை அளந்தால், எந்தக் காலத்தில் எது மேலோங்கியிருந்தது என்று தெரிந்துவிடும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்து வறண்டு கிடந்த காலத்தில், அந்த மலையில் புல்லே மேலோங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்த காலத்தில் மரம் பரவியது. அதன்பின் மீண்டும் ஏற்ற இறக்கங்கள். கோடரியோடு தோட்டக்காரர்கள் வந்தது 150 ஆண்டுகளுக்குள். ஆகவே, புல்வெளி வெள்ளையர் காலத்தில் உண்டானது என்ற கூற்று தவறு. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். அந்தக் கரிமண் நீலகிரியுடையது, இரவிகுளத்துடையது அன்று என்று ஒருவர் மறுத்தால், அது நியாயமான மறுப்பே. ஆனாலும் இந்தப் புல்வெளிக்கே உரிய, வேறெங்கும் வாழாத இத்தனை உயிர்கள் உருவாக ஒன்றிரண்டு நூற்றாண்டு போதாது என்பது எனக்கு அந்தக் கரிமண்ணைவிட வலுவான சாட்சி.

உறைபனியை நேரில் பார்த்தால் ரங்கநாதன் சொன்னதன் நியாயம் விளங்கும். ஒரு ஜனவரி மாத விடியலில், இதே உயரமுள்ள ஒரு சரிவில், மாணவர்களோடு நின்றிருக்கிறேன். பள்ளத்துப் புல் முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. மிதித்தால் காலடியில் நறுக் நறுக்கென்று ஒடிந்தது. கையில் வைத்திருந்த வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. அங்கிருந்து முப்பது நாற்பது அடி நடந்து சோலைக்குள் நுழைந்ததும் பாதரசம் சில டிகிரி ஏறியது. உள்ளே வெள்ளை என்பதே இல்லை, பாசி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மரங்களின் கவிகை ஒரு போர்வைபோல் இரவின் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அந்தப் போர்வைக்கு வெளியே விழுந்து முளைத்த சோலைமரக் கன்று முதல் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள் கருகிவிடுகிறது. ஆனால் புல்வெளியின் நடுவே தனித்தனியாக, முறுக்கிய கிளைகளோடு, டிசம்பருக்குப் பிறகு சிவப்புப் பூக்கொத்துகளோடு நிற்கும் ஒரு மரத்தைப் பார்க்கலாம். அது காட்டுப்பூவரசு, ரோடோடெண்ட்ரான் என்றால் பலருக்குத் தெரியும். அதன் நெருங்கிய உறவினர்கள் இமயமலையில் இருக்கின்றன. குளிர்நாட்டு வம்சம் ஆகையால் பனியைத் தாங்குகிறது. பட்டை தடித்திருப்பதால் தீயையும் தாங்குகிறது. சோலைமரங்களோ நாவல், இலவங்கம், செண்பகம் ஆகியவற்றின் இனத்தவை, வெப்பமண்டலத்துப் பிள்ளைகள். யார் வெளியே நிற்கிறார், யார் கூட்டமாக உள்ளே ஒடுங்குகிறார் என்பதே பனியின் கைவரிசையைக் காட்டிவிடும்.

தீயின் பங்கு என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு இன்னும் ஓயவில்லை. சோலையின் ஓரம் அவ்வளவு கூர்மையாக நிற்பதற்குத் தீயும் காரணம் என்பதில் ஐயமில்லை. புல் எரியும், ஈரம் ஊறிய சோலை எரியாது, ஓரத்தில் துளிர்க்கும் கன்றுகள் கருகும். ஆனால் தீ இல்லாதிருந்தால் புல் முழுவதும் சோலையாகிவிடுமா என்ற கேள்விக்கு, ஆகாது என்பார்தான் இப்போது அதிகம். 2020இல் வெளியான ஒரு நீலகிரி ஆய்வு, சோலைமரக் கன்றுகளைப் புல்வெளியில் வைத்துப் பார்த்து, பனிதான் அவற்றைத் தடுக்கிறது என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரத்தின் கன்றுகளை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை என்றும் காட்டியது. இது கவலைக்குரிய செய்தி. குளிர் குறைந்துகொண்டே போனால் காவல் தளரும். அப்போது புல்வெளிக்குள் முதலில் நுழையப்போவது நம் சோலை அல்ல, சீகைதான். இரவிகுளத்தில் வனத்துறையினர், அந்த மலைப் பழங்குடியினரான முதுவர்களின் துணையோடு, ஒவ்வோர் ஆண்டும் சிறு சிறு துண்டுகளாக முறைவைத்துப் புல்லை எரிக்கிறார்கள். கோடையில் பெருந்தீ பரவாமல் தடுப்பதும், வரையாட்டுக்கு இளம்புல் கிடைக்கச் செய்வதும் நோக்கம். எரித்த இடத்தில் சில வாரங்களில் தளிர் வரும். ஆடுகள் அங்கே கூடும். இவ்வளவு எரிக்க வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. கரிந்த சரிவைப் பார்த்து, யாரோ சமூகவிரோதி தீவைத்துவிட்டான் என்று பயணிகள் பதறுவதையும் கேட்டிருக்கிறேன்.

மரம் நட்டால் காடாகும் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். அதைச் செய்து பார்த்த மலைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. நீலகிரியிலும் பழனிமலையிலும் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, சீகையும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். வெள்ளையர் தொடங்கியதை விடுதலைக்குப் பின் நாம் இன்னும் வேகமாகச் செய்தோம். பழனிமலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது. கொடைக்கானலில் பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு, தாங்கள் ஒரு புல்வெளியின் சமாதியில் நிற்கிறோம் என்பது தெரியாது. மூணாறிலும் தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்காக நட்ட யூகலிப்டஸ் தோப்புகள் பல உண்டு. அங்கே அதை கிராண்டிஸ் என்பார்கள். பூங்காவுக்குள் அது பெரிதாக நுழையவில்லை என்பதே இரவிகுளத்தின் பெரும் பேறு.

வரையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீங்களே பக்கத்தில் பார்த்துவிட்டீர்கள். சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுவே. ஆடு என்கிறோமே தவிர, மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது இது வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கு நெருக்கமானது என்று தெரிந்தது. இமயத்து வரையாட்டோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்ததைப் பிரித்து, 2005இல் இதற்குத் தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள். முதிர்ந்த கிடாயின் முதுகில் வெள்ளி நிறத்தில் சேணம் போட்டதுபோல் ஒரு திட்டு இருக்கும்; வேட்டைக்கார வெள்ளையர் அதனாலேயே அதைச் சேணமுதுகன் என்ற பொருளில் அழைத்தார்கள். மழைக்காலத்தில் இணைசேர்ந்து, ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் ஒரே ஒரு குட்டி போடும். 2025இல் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,600க்கு மேல் தேறின. அதில் இரவிகுளத்தில் மட்டும் 800க்கு மேல். உலகில் வேறெந்த இடத்திலும் இவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. ஆபத்து வந்தால் செங்குத்துப் பாறைக்குத் தாவுவது அதன் தற்காப்பு. மேய்வதோ திறந்த புல்லில். பாறையும் புல்லும் அடுத்தடுத்து இருந்தால்தான் அதற்கு வாழ்வு. அந்தப் புல்லில் மரம் நட்டால் புலியும் செந்நாயும் மறைந்து வர இடம் கிடைக்கும், ஆட்டுக்குத் தீனி குறையும்.

நீலக்குறிஞ்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் விட்டதே வியப்பு. 1982, 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூணாறுச் சரிவுகளில் அது பூத்திருக்கிறது. கணக்குப்படி அடுத்தது 2030. 2018இல் ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளம் சாலைகளை அறுத்துவிட்டதால், பூக்கத் தொடங்கியதைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று; மழையில் பூவும் சேதமானது. பூத்துக் காய்த்ததும் செடி செத்துவிடும். விதையிலிருந்து வரும் புதிய தலைமுறை மறுபடி பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும். எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பூப்பது ஏன் என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம், தின்பவை தின்றதுபோக மிச்சமாகுமளவுக்கு விதையைக் கொட்டிவிடுவது என்பது. ஏற்கத்தக்க விளக்கமே, ஆனால் குறிஞ்சிக்கு என்று தனியாக நிறுவப்பட்டதாக நான் கருதவில்லை. இன்னொன்று: ஆண்டுதோறும் ஏதோ ஒரு மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது என்று படம் வரும். குறிஞ்சிப் பேரினத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் பல பத்து இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுழற்சி. படத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த உறவினர்களில் ஒன்று.

வரையாடும் குறிஞ்சியும் மட்டுமே இரவிகுளம் என்று நினைத்துவிடாதிருக்க ஒரு சின்னஞ்சிறு உயிரைச் சொல்கிறேன். ஆனைமுடியின் உயரத்தில், தரையோடு கிடக்கும் குட்டை மூங்கில் புதர்களில், செங்கல் போட்டு உரசியதுபோன்ற சிவப்பு நிறத்தில் ஒரு தவளை வாழ்கிறது. கட்டைவிரல் நுனியளவுதான் இருக்கும். உடலெங்கும் பருத்த சுரப்பிகள். அறிவியலுக்கு அது 2010இல்தான் தெரியவந்தது. தலைப்பிரட்டைப் பருவமே அதற்குக் கிடையாது. மூங்கில் தூரடியில் இடும் முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வருகிறது. ஆனைமுடியையும் அதைச் சூழ்ந்த உச்சிப் பகுதிகளையும் தவிர இந்த உலகில் அதற்கு வேறு வீடில்லை. நான் பார்த்ததில்லை. பார்த்த ஒருவர் எடுத்த படத்தைத்தான் வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தேன்.

இனி இரண்டாம் கேள்வி, வெள்ளையர் காப்பாற்றினார்களா என்பது. மூணாறு வரலாறு என்று வழங்குவதில் கலப்படம் நிறைய. 1790இல் திப்பு சுல்தானைத் துரத்திக்கொண்டு கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பிற்காலத்து வெலிங்டன் பிரபு, இந்த மலைக்கு வந்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் அச்சுப்பிசகாமல் எழுதிவருகின்றன. அவர் இந்தியாவில் கால்வைத்ததே 1797இல். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தெழுதினால் இப்படித்தான் ஆகும். உறுதியாகச் சொல்லக்கூடியது, வார்டு, கானர் என்ற இரு ராணுவ அதிகாரிகள் 1816 முதல் திருவிதாங்கூர் நாட்டை அளந்தபோது இந்த மலைகளையும் அளந்தார்கள் என்பது. 1862இல் டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமுடியில் ஏறினார். பதிவான முதல் ஏற்றம் அதுவே. பதிவான என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன். அவருக்குப் பல தலைமுறைகள் முன்பே முதுவர்கள் அந்த மலையில் தேன் எடுத்தும் வேட்டையாடியும் திரிந்தவர்கள்.

1877 ஜூலை 11ஆம் தேதி பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ, மூணாறைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். ஏறத்தாழ 1,37,000 ஏக்கர். பூஞ்சாறு அரசர்கள் தங்களைப் பாண்டியர் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். சின்கோனா, காப்பி என்று பயிர் மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவாயிற்று. தேயிலைக்காகக் காடு வெட்டப்பட்டது உண்மை, பெரும் பரப்பில் வெட்டப்பட்டது. ஆனால் வெட்டப்பட்டது கீழ்ச்சரிவுக் காடு. மேலே உள்ள இரவிகுளப் பீடபூமி பனியும் காற்றும் மிகுந்தது, தேயிலைக்கு ஆகாது. ஆகவே அதை வேட்டைக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டத் துரைமார் சேர்ந்து ஹைரேஞ்ச் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் என்ற ஒன்றை அமைத்தார்கள். பாதுகாப்பு என்பதன் பொருள், தாங்கள் சுடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதே. எத்தனை சுடலாம், எதைச் சுடக்கூடாது, எந்த மாதத்தில் சுடக்கூடாது என்று விதி செய்தார்கள். ஓடைகளில் ட்ரவுட் மீன்குஞ்சு விட்டுத் தூண்டில் போட்டார்கள். அந்த மீன் இன்றும் அங்கே அந்நியன்தான். ஆனால் விதியைக் காட்டில் நடைமுறைப்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தால், காவலுக்கு அமர்த்தப்பட்ட முதுவர்கள். கள்ளத்துப்பாக்கியைத் தேடிப் பனியில் நடந்ததும், புல்லைப் பக்குவம் பார்த்து எரித்ததும், எந்தக் கூட்டம் எந்தப் பாறையில் ஈனும் என்று சொன்னதும் அவர்களே. மதுரையை விட்டு வெளியேறியபோது தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் என்ற பெயர் வந்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. எந்தக் காலம் என்பது உறுதியில்லை. பேச்சு தமிழோடு நெருங்கியது என்பது கேட்டால் தெரியும். பூங்கா எல்லைக்குள் இன்றும் அவர்களுடைய லக்கம் குடி இருக்கிறது.

1971இல் கேரள அரசு தனிச்சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் மலைகளை மீட்டது. 1972இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தச் சட்டத்தின் நோக்கம் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் நிலம் வழங்குவது. வரையாடு அதன் மனதில் இல்லை. பயிரிடாத நிலம் அரசின் கைக்கு வந்ததும், இந்தப் பீடபூமியும் துண்டு துண்டாகப் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், வரையாட்டின் அருமையை அதற்குள் ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்லியிருந்ததும், பழைய வேட்டைச் சங்கத்தவர் வற்புறுத்தியதும், அரசு அதற்குச் செவிசாய்த்ததும் ஒன்றுசேர்ந்ததே. 1975இல் சரணாலயமாயிற்று, 1978இல் தேசியப் பூங்கா, கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா. ஆகவே, வெள்ளைக்காரர்கள் இல்லையென்றால் ஆடே இல்லை என்பதைப் பாதி உண்மை என்பேன். அவர்கள் துப்பாக்கி இல்லாதிருந்தால் மற்ற மலைகளில் இன்னும் நிறைய ஆடு இருந்திருக்கும் என்பது மறுபாதி. நீலகிரியில் அதே துரைமார்தான் வரையாட்டைச் சுட்டுக் குவித்தார்கள். இங்கே ஆட்டைக் காத்தது அவர்கள் கருணை அல்ல. தேயிலைக்கு ஆகாத குளிர், தனியார் வேட்டைக்காடு என்ற வேலி, முதுவர் உழைப்பு ஆகியவை என்பதே என் மதிப்பீடு. இதில் வேறு கருத்துள்ளோர் இருக்கலாம்.

இந்த வரலாற்றில் இன்னொரு தரப்பும் உண்டு. போடிநாயக்கனூர்ப் பக்கமாக மலையேறி, கங்காணிகள் கையில் சிக்கி வந்து, அந்தத் தேயிலைச் சரிவுகளை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளர்கள். பூங்காவின் அழகைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் உள்ள பெட்டிமுடியில், மேலிருந்து வந்த நிலச்சரிவு லயங்களை மூடியதில் 70 பேர் இறந்தார்கள். நீங்கள் பேருந்தில் போன அதே சாலைதான் அங்கும் போகிறது. புல்வெளி மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்துக் கொள்ளும் என்று நாங்கள் வகுப்பில் சொல்வதுண்டு. சாதாரண மழைக்கு அது சரி. சில நாட்களுக்குள் மாதக்கணக்கு மழை கொட்டினால் எந்தப் பஞ்சும் தாங்காது.

மறுபடியும் போவதாக இருந்தால், ஈனும் பருவத்துக்காக வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆனைமுடி ஏற்றம் பொதுப்பயணிகளுக்குக் கிடையாது. ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மழை ஓய்ந்த பிறகு வானம் தெளிவாக இருக்கும். காலையில் அஞ்சாம் மைலிலிருந்து புறப்படும் முதல் பேருந்தில் ஏறுங்கள். ஒன்பது பத்து மணிக்கு மேல் மேகம் ஏறி எதிர்ச்சரிவை மூடிவிடும். மேலே இறங்கியதும் எல்லோரும் ஆட்டைப் பார்த்துக் கைப்பேசியை நீட்டுவார்கள். நீங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையோரத் தடுப்பில் சாய்ந்து, எதிர்ச்சரிவில் ஒரு சோலையின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் பாருங்கள். தளிர் விடும் பருவமாக இருந்தால் மேலே கவிகை செம்புநிறத்தில் இருக்கும். அதற்குக் கீழே இருட்டு. இருட்டு முடிகிற இடத்திலேயே புல் தொடங்கிவிடும்.